கீரிமலையில மலை இல்லை, ஹந்தானையில வழி இல்லை

ஆளாளுக்கு மலையேறின கதை சொல்லுறியள், நானும் ஒண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளும், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல ஒண்டு, எங்கட ஆக்களுக்கு மலை எண்டால் என்னெண்டே தெரியாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுத் தட்டை, பேரிலயே மலை வச்சிருக்கிற கீரிமலைக்குப் போனாலும் கேணியும் கடலும்தான் கிடக்கு. கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைக் கம்பஸுக்குப் போகுமட்டும் நான் ஏறின ஆக உயரமான இடம் எங்கட ஒழுங்கை முடிவில இருக்கிற தண்ணித்தாங்கி, அதுக்கும் அப்பாட்ட அடி வாங்கினனான்.

கம்பஸில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹந்தானை மலைத்தொடர் தெரியும். அக்பர் பாலத்தில நிண்டாலும் தெரியும், குறிஞ்சிக் குமரன் கோவிலுக்குப் படி ஏறிப்போனாலும் தெரியும், லெக்சருக்குப் பிந்தி ஓடேக்கையும் தெரியும். எந்த நேரமும் தெரியிறதால கிட்டத்தான் இருக்கெண்டு நினைச்சிட்டம். அதுதான் விட்ட முதல் பிழை. ஊரில பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் எண்டால் சைக்கிளில ரியூசனுக்குப் போற தூரம், அதே கணக்கை மலைக்கும் போட்டால் இப்பிடித்தான். பேந்துதான் வாசிச்சனான், 1892ல நெய்ஸ்மித் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் ஒருத்தர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார், நடக்கிற 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏறுற 600 மீற்றருக்கு மேலதிகமா இன்னொரு மணித்தியாலம். அதுவும் மலை பழகின காலுக்கு. எங்கட கால் சைக்கிள் உழக்கின கால்.

ரெண்டாம் வருசம், ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை. அஞ்சு பேர், நாலு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தன் மன்னார், ஆக ஒருத்தனும் மலை கண்டவன் இல்லை. விடிய ஆறுக்கு வெளிக்கிடுறதெண்டு பிளான், ஒருத்தன் எழும்பேல்ல, ஒருத்தன் குளிக்காமல் வரமாட்டானாம், பிறகு கன்ரீனில ரொட்டி, பத்தரை ஆச்சு. பாக்கில ஆளுக்கொரு தண்ணிப் போத்தல், ஒரு பைக்கற் பிஸ்கற், அம்மா தந்துவிட்ட புழுக்கொடியல். ரோச் ஒருத்தரிட்டயும் இல்லை, போன் இருக்கெல்லோ எண்டு நினைப்பு.

ஏறினது நல்லாத்தான் இருந்தது. பைன் காட்டுக்குள்ள காஞ்ச ஊசியிலை வழுக்கிச்சுது, சிரிச்சுச் சிரிச்சு விழுந்து எழும்பினம், அங்கால மானாப்புல்லு ஆளுயரத்துக்கு, அதுக்குள்ள கை காலெல்லாம் கீறல். முதல் முகட்டில ஏறி இதுதான் உச்சியாக்கும் எண்டு பாத்தால் முன்னுக்கு இன்னொண்டு நிக்குது, அதில ஏறினால் மற்றது. உரகலதான் ஆக உயரமான முகடாம், அங்க போகாமல் திரும்பினால் ஹொஸ்ரலில நக்கலடிப்பாங்கள் எண்டு ஒருத்தன் நிண்டான். ரெண்டு மணி. எனக்கு உள்ளுக்குள்ள திரும்புவம் எண்டுதான் கிடந்தது, ஆனால் வாயால சொல்லேல்ல, அந்த விசரை இண்டைக்கும் நினைப்பன்.

ஒக்ரோபரில மத்தியானம் தாண்டினால் மலைநாட்டில இடி மழை வருமெண்டது அங்கத்தையச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. எங்களுக்கு மழையெண்டால் காத்திகை மாரி, நாள்க்கணக்கில பெய்யும், வாறது முதலே வானத்தில தெரியும். இது அப்பிடி இல்லை, கீழ பள்ளத்தாக்கில இருந்து புகார் எழும்பி வந்திச்சுது, பத்து நிமிசத்தில பக்கத்தில நிக்கிறவன்ர சேட்டு நிறம் தெரியேல்ல. ஊரில வழி மாறினால் கோவில் கோபுரத்தைப் பாப்பம், இல்லாட்டிப் பனங்கூடலைப் பாப்பம், இங்க வெள்ளைதான், எல்லாப் பக்கமும் வெள்ளை. புல்லுக்குள்ள ஒண்டுக்கு நாலு ஒற்றையடிப் பாதை கிடக்கு, எது மனிசர் போற பாதை, எது பண்டி போற பாதை எண்டு ஆர் கண்டது.

அப்பத்தான் மன்னார்க்காரன் ஒரு ஐடியா சொன்னான், தண்ணி எப்பிடியும் கீழதானே போகும், இந்த ஓடையோட இறங்குவம் எண்டு. கேக்க நியாயமாத்தான் இருந்தது. தயவுசெய்து ஒருத்தரும் அதை மட்டும் செய்யாதேங்கோ, தண்ணிக்குப் படி தேவையில்லை, அது நேரா விழும், நாங்கள் விழேலாது. முக்கால் மணித்தியாலம் பாறையில குந்திக் குந்தி இறங்கினாப் பிறகு முன்னுக்கு நிலம் இல்லை. சத்தம் மட்டும் கீழ கேக்குது. திரும்பி ஏறவும் ஏலாது, பாசி. அஞ்சு பேரும் ஒரு கல்லில இருந்திட்டம். ஒருத்தன் செல்வச்சந்நிதிக்கு நேத்தி வச்சான், நான் போனைப் பாத்தன், 11 வீதம் சார்ஜ், சிக்னல் இல்லை. அஞ்சரை தாண்டீட்டுது.

நாய் குலைச்ச சத்தம் கேட்டது. உடன எல்லாரும் குளறினம்.

மேல புல்லை விலக்கிக்கொண்டு ஒரு வயசானவர், தலையில விறகுக்கட்டு, கையில கத்தி. "யாரப்பா அங்க? என்னா தம்பி, பொழுது எறங்கிருச்சு, அங்க என்னா பண்ணிட்டிருக்கீங்க?" தமிழ்! அந்த நேரம் அதைக் கேட்டதும் வந்த ஆறுதல் இருக்கே, அது வேற. விறகுக் கயித்தை அவிட்டு விட்டு ஒவ்வொருத்தரா இழுத்து மேல எடுத்தார். நாங்கள் "பேந்து புகார் வந்திட்டுது ஐயா, வழி தெரியேல்ல" எண்டு சொன்னால் அவர் "என்னா வந்துச்சு?" எண்டு கேக்கிறார், "புகார்" எண்டதை ஆர்மேலயோ பொலிசில முறைப்பாடு குடுக்கிறதெண்டு நினைச்சிட்டார் போல. மலையக ஆக்கள் அதைப் பனிமூட்டம் எண்டுதான் சொல்லுறது.

தான் இருக்கிற லயத்துக்கு, அதுதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, கூட்டிக்கொண்டு போனார். வாசலில இருத்தி முதல்ல காலைப் பாத்தார், எனக்கு மட்டும் ஏழு அட்டை, இழுக்கப் போனன், கையைத் தட்டிவிட்டுச் சவுக்காரத்தைத் தண்ணியில தொட்டு வச்சுத் தேய்ச்சார், அதது பாட்டுக்குக் கழண்டு விழுந்திச்சுது. ரத்தம்தான் நிக்கேல்ல, அட்டையின்ர எச்சிலில ரத்தத்தை உறைய விடாத சாமான் இருக்கு, பயப்பிடத் தேவையில்லை, ஆனால் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு போகாதேங்கோ.

அம்மா ஒராள் பிளேன்ரீ தந்தா, சீனியை உள்ளங்கையில வச்சு நக்கி நக்கிக் குடிக்கிறது, எங்கட வீட்டில பனங்கட்டி கடிச்சுக் குடிக்கிற மாதிரித்தான். குடுக்க எங்களிட்ட ஒண்டும் இல்லை, பாக்கில கிடந்த புழுக்கொடியலை எடுத்து நீட்டினன், இது எங்கட ஊர்ச் சாமான் ஐயா, பனங்கிழங்கை அவிச்சுக் காயவச்சது எண்டு விளக்கம் வேற. அவர் கையில வாங்கி மணந்து பாத்திட்டுச் சிரிச்சார். "தெரியும் தம்பி. தங்கச்சி கொண்டாருவா. கிளிநொச்சியில இருக்கு, 77 கலவரத்துக்கு அப்பறம் போனது. தருமபுரம். நீங்க அங்குட்டுப் போயிருக்கீங்களா?"

அஞ்சு பேரும் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பாத்தம். லீவுக்கு வீட்ட போகேக்க ஒவ்வொரு முறையும் பஸ் பரந்தன் சந்தியால தான் போகும், தருமபுரத்துக்குப் போற முல்லைத்தீவு றோட்டு அதில தான் பிரியுது, ஒருநாளும் திரும்பினதில்லை. எங்கட வீடுகளில மலையகத்தில இருந்து வந்து குடியேறின அந்த ஆக்களைப் பற்றி எப்பிடிக் கதைப்பினம் எண்டதும் எனக்குத் தெரியும், அதை இங்க எழுத விருப்பமில்லை. இல்லை ஐயா, போகேல்ல எண்டு மட்டும் சொன்னன்.

ராத்திரி எட்டுக்கு அவற்ற மகன் ரோச்சோட றோட்டு மட்டும் கொண்டந்து விட்டான். காசு குடுத்தம், வாங்கேல்ல. "விடியக்காலையில ஆறு மணிக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" எண்டு அவர் சொல்லிவிட்டது.

அதுக்குப் பிறகு கன இடம் போயிட்டன். சிவனொளிபாதமலை சீசனுக்குள்ள, மார்கழிப் போயாவில (பௌர்ணமியில) இருந்து வைகாசி வெசாக் மட்டும், லைற் எரியும், தேத்தண்ணிக்கடை இருக்கும், 2243 மீற்றர் எண்டாலும் படி இருக்கிறதால வழி மாறாது, இறங்கேக்கதான் முழங்கால் சொல்லும் கதை. உச்சியில காத்துக் குளிர் எலும்புக்க போகும், உயரம் 1000 மீற்றர் ஏற ஏற ஆறு பாகை மட்டில குறையும், யாழ்ப்பாணத்து வெக்கையை நம்பி ஒரு ரீசேட்டோட வந்த பெடியனை நான் படியிலயே கண்டனான், சாரத்தைப் போத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு நிண்டான். ஹோட்டன் சமவெளிக்கு எண்டால் கேற் திறக்கேக்கயே நில்லுங்கோ, பிந்திப் போனால் உலக முடிவு எண்ட மலைவிளிம்பில புகாரைத்தான் பாப்பியள், பொலித்தீன் எல்லாம் வாசலிலயே வாங்கிப்போடுவாங்கள்.

ஆனால் நான் திருப்பித் திருப்பிப் போனது ஹந்தானைக்குத்தான். ரெண்டு கிழமையால, சொன்ன மாதிரி ஆறு மணிக்கு லயத்து வாசலில நிண்டம். அவர் பாட்டாச் செருப்போட முன்னுக்குப் போறார், நாங்கள் புதுச் சப்பாத்தோட இளைச்சு இளைச்சுப் பின்னால, ஒம்பதரைக்கு உரகல. நாங்கள் போனமுறை சுத்தின இடத்தைக் காட்டினார், பாதையில இருந்து ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

புழுக்கொடியல் இந்தமுறையும் கொண்டுபோனனான், அம்மாட்டச் சொல்லி இடிச்சு மாவாக்கி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு. போனமுறை அவர் மணந்துபோட்டு மடியில வச்சது ஏனெண்டு இறங்கி வந்தாப் பிறகுதான் எனக்கு ஓடினது, மனிசனுக்குப் பல்லு இல்லை.