கொழும்பு – ரொறன்ரோ: அம்மா உண்மையில் எத்தனை மணி நேரம் பிளேனில் இருக்க வேண்டும்?

வெள்ளவத்தை மகள்:
வணக்கம். ஜனவரியில் அம்மாவை ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்கு 74 வயது. கொஞ்ச நேரம் காலைத் தொங்கப் போட்டு இருந்தாலே இரண்டு முழங்காலும் வீங்கிவிடும்.

டுபாய் வழியாக ஒரு டிக்கெட் பார்த்தேன். அதிகாலை 3.00க்குக் கட்டுநாயக்காவில் ஏறினால் அதே நாள் மாலை 4.30க்கு ரொறன்ரோ. பதின்மூன்றரை மணி நேரம்தான் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அன்ரி, முழுதாக ஒரு நாள் பிடிக்கும் என்கிறார். யார் சொல்வது சரி? லண்டன் வழி போனால் வீண் சுற்றா?

கொட்டாஞ்சேனை வாத்தியார்:
பிள்ளை, அன்ரி சொன்னதுதான் சரி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். பதின்மூன்றரையோடு அதையும் கூட்டுங்கள், டுபாயில் காத்திருப்பதும் சேர்த்து 24 மணி நேரம். கோடையில் போனால் வித்தியாசம் ஒன்பதரை.

தூரத்துக்கு வருகிறேன். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தை நம்ப வேண்டாம். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன், வகுப்பில் உலக உருண்டையில் நூல் பிடித்துத்தான் இதைக் காட்டுவேன். கொழும்பையும் ரொறன்ரோவையும் நூலால் இறுக்கிப் பிடித்தால் அது மேற்கே போகாது. இந்தியா, பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று வடக்கே ஏறி, கிறீன்லாந்தைத் தாண்டித்தான் கனடாவில் இறங்கும். அந்த நூலின் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியும் சரி, லண்டன் வழியும் சரி, 14,400க்குக் கிட்டத்தான் வரும். இரண்டும் அந்த நூலை விட அதிகம் நீளமில்லை. அதனால் தூரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மார்க்கம் தம்பி:
அக்கா, போன வருடம் என் மாமியை டுபாய் வழியாகக் கூப்பிட்டோம். டுபாய் வரைக்குமான முதல் பயணம் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அடுத்தது ஒரே இருப்பில் பதினான்கு மணி நேரம். இறங்கி வந்தபோது செருப்புக்குள் கால் போகவில்லை, பார்க்கவே மனம் தாங்கவில்லை.

லண்டன் வழி என்றால் பதினொன்று, பிறகு எட்டு. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நடுவில் அம்மா எழும்பி நடக்கலாம், காலை நீட்டிப் படுக்கலாம். லண்டனில் மாறுவதற்கு விசா தேவையா என்று மட்டும் டிக்கெட் எடுக்க முன்னம் கேளுங்கள். சக்கர நாற்காலியையும் டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள். நடைபாதைப் பக்கத்து இருக்கை கட்டாயம்.

திரும்பி வரும்போது கொஞ்சம் சுகம். மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும், அது பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் குறையும். ஆனால் சனிக்கிழமை ஏறினால் ஞாயிறு இரவுதான் கொழும்பு, அதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

வெள்ளவத்தை மகள்:
சேர், தம்பி, இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "ஒரு நாள் என்றாலும் பரவாயில்லை, நடுவில் கால் நீட்ட இடம் இருந்தால் போதும்" என்றார். லண்டன் வழியே பார்க்கிறேன், அங்கே நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்கிற மாதிரி.