படிக உருண்டையும் கருகிய விரிப்பும்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

வெண்மணல் எழுதியது:
வெயிலில் வைத்தால் படிகத்துக்கு ஆற்றல் ஏறும் என்று பரிசளித்த தோழி சொன்னதால், அந்த உருண்டையைத் தாங்கியோடு சன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலையில் மூழ்கிவிட்டேன். கருகல் வாடை வந்து திரும்பிப் பார்த்தபோது, மேசை விரிப்பில் மெல்லிய கரிக்கோடு ஒன்று வெயில் நகர்ந்த வழியிலேயே வளைந்து கிடந்தது; அதன் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பதறி எடுத்தேன், கல் சூடாகவே இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இது படிகத்தின் குணமா, அல்லது எனக்கு வந்தது வெறும் கண்ணாடியா?

பழஞ்சாணை எழுதியது:
எரித்தது ஆற்றல் அன்று, வடிவம். படிகத்தின் (குவார்ட்ஸ்) ஒளிவிலகல் எண், அதாவது அது ஒளியை வளைக்கும் அளவு, ஏறத்தாழ 1.54 என்பதால், உருண்டைக்குள் புகும் கதிர்கள் மறுபக்கப் பரப்பைத் தாண்டி, விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குத் தொலைவிலேயே குவிந்துவிடும்; உங்கள் விரிப்பு அந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டது. ஒளி ஊடுருவிப் போய்விடுவதால்தான் கல் சுடவில்லை. கண்ணாடிக் குண்டும் இதையே செய்திருக்கும்.

நானும் ஒன்றைப் பல ஆண்டுகள் படிகம் என்று நம்பி வைத்திருந்தேன். ஒருநாள் விளக்கடியில் உருட்டியபோது உள்ளே உருண்டையான குமிழி ஒன்று பளிச்சிட்டது. கண்ணாடி என்று அப்போதே தெரிந்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: வெள்ளைத் தாளில் ஒரு தலைமுடியை ஒட்டி, அதன்மேல் உருண்டையை வைத்து, மெல்லத் திருப்பிக்கொண்டே மேலிருந்து பாருங்கள். படிகம் இரட்டை ஒளிவிலகல் உடையது, அதாவது ஒரு கதிரை இரண்டாகப் பிரிக்கும் என்பதால் சில நிலைகளில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 7, கண்ணாடியையே கீறும் என்று படித்துவிட்டுக் கீறிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். மெருகு கெட்டால் திரும்ப வராது. தொட்டால் குளிரும் என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம், ஏனெனில் குளிர்ந்த அறையில் கண்ணாடியும் குளிரும்.

நடுநிசி எழுதியது:
முந்தையவர் சொன்ன சோதனை அது படிகமா என்பதை மட்டுமே காட்டும். உயர் அழுத்தக் கலனில் வளர்த்த செயற்கைப் படிகத்திலும் முடி இரட்டிக்கும், ஆகவே அதை வைத்து இயற்கைக் கல் என்று முடிவுகட்டக் கூடாது.

ஆற்றலைப் பற்றிக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது நின்றுபோன கைக்கடிகாரம்தான். கீழே விழுந்தபின் மின்கலத்தை மாற்றியும் ஓடவில்லை. உள்ளிருந்த அரிசி அளவு உலோகக் குழலைப் பிரித்தபோது, கவட்டை போல இரு கால் கொண்ட இசைக்கவை வடிவப் படிகச் சில்லு ஒன்று ஒரு கால் முறிந்து விழுந்தது. வினாடிக்கு 32,768 முறை அதிர வேண்டிய பொருள் அது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அழுத்தினால் படிகத்தில் மின்னூட்டம் தோன்றுகிறது என்று கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டதன் மறுதலைதான் அங்கே நடக்கிறது: மின்கலம் தள்ளுகிறது, படிகம் அதிர்கிறது. கல் தானாக எதையும் சேமித்து வைத்துத் தருவதில்லை.

ஈரக்காற்று எழுதியது:
தானாக எதுவும் தருவதில்லை என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. தாயின் படுக்கையருகே விழித்திருந்த இரவுகளில் ஒரு படிகத்தை உள்ளங்கையில் வைத்திருந்தேன். அது நோயைத் தீர்க்கவில்லை, தீர்க்கும் என்று நான் நம்பவும் இல்லை. கையின் சூட்டை அது மெல்ல வாங்கிக்கொள்ளும். சூடேறியதும் மறு கைக்கு மாற்றுவேன். அந்த மாற்றலை எண்ணியே பொழுது விடிந்தது.

வெண்மணல் எழுதியது:
முடியை ஒட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றாகவே தெரிந்ததால் கண்ணாடிதான் என்று சலித்துக்கொண்டு உருண்டையைச் சற்றுச் சாய்த்தேன். கோடு அருகருகே இரண்டாகப் பிரிந்தது, இன்னும் திருப்பியதும் மீண்டும் ஒன்றானது. தோழியிடம் விரிப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உருண்டை இப்போது கதவு போட்ட அலமாரியில் இருக்கிறது.