வீட்டு ஜெல்லிஃபின் சர்வரை ஜோகூரில் இருக்கும் அம்மாவுக்குக் காட்டுவது எப்படி?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு மினி கணினியில், மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டோக்கர் வழியாக, நம் வீடியோக்களை மற்ற சாதனங்களில் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் ஓடுகிறது. உள்ளே இருப்பதெல்லாம் குடும்பச் சொத்து: பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோ, அப்பா காவடி எடுத்த தைப்பூசங்கள். ஜோகூர் பாருவில் அம்மாவும் தஞ்சாவூரில் அக்காவும் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

வெளியிலிருந்து உள்ளே வர, ரவுட்டரில் ஜெல்லிஃபினின் வாசலான 8096 போர்ட்டைத் திறந்தேன். வீட்டு வைஃபையில் ஓடுகிறது. கைத்தொலைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.81 என்று தொடங்குகிறது. என் ஐபி முகவரியைச் சொல்லும் இணையத்தளமோ வேறொன்றைக் காட்டுகிறது. இணையச் சேவை நிறுவனத்தைக் கேட்டால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா? வழி கிடைத்தாலும் அது பாதுகாப்பானதா?

கம்பிவடம்:
அணைத்துப் போட்டு ஒன்றும் ஆகாது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் நிறுத்த நிறுவனங்கள் பயன்படுத்தும் முகவரிகள். சிஜிநாட் என்பார்கள். உங்கள் கதவு திறந்திருக்கிறது, நிறுவனத்தின் கதவு திறக்கவில்லை.

திறக்காததே நல்லது. 8096இல் குறியாக்கம் கிடையாது; அம்மா தட்டும் கடவுச்சொல் வழிநெடுக அப்படியே போகும். ரவுட்டரில் போட்ட அந்த விதியை முதலில் நீக்குங்கள்.

சர்வரில் டெயில்ஸ்கேல் நிறுவுங்கள்; சாதனங்களை இணையம் வழியே ஒரு தனிவலையாக (விபிஎன்) இணைக்கும் செயலி அது. அடியில் ஓடுவது வயர்கார்டு என்ற குறியாக்க நெறிமுறை. போர்ட் எதையும் திறக்காமல் சிஜிநாட்டைத் தாண்டும். நிர்வாகப் பக்கத்திலிருந்து அந்த ஓர் இயந்திரத்தை மட்டும் பகிர்ந்து அழைப்பு அனுப்பலாம். அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் மற்ற கணினிகள் அவர்களுக்குத் தெரியாது. அணுகல் விதிகளில் 8096ஐ மட்டும் அனுமதியுங்கள், இல்லாவிட்டால் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எஸ்எஸ்எச் கதவும் சேர்ந்தே பகிரப்படும். டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், குழம்ப வேண்டாம்.

பழையமோடம்:
கம்பிவடம் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் வயதான அம்மாவிடம் விபிஎன் செயலியைக் கொடுத்துப் பழகச் சொல்வது பாவம். கட்டணம் கட்டிப் பொதுமுகவரி வாங்கி, ஒரு டொமைன் பெயர் எடுத்து, ஜெல்லிஃபினுக்கு முன்னால் கேடி என்ற வலைச் சர்வரை நிறுத்தலாம். குறியாக்கத்துக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். வெளியே 443, 80 என்ற வலைத்தளப் போர்ட்டுகள் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கம்பிவடம்:
செய்யலாம். ஆனால் அன்றிலிருந்து அந்த வாசலை உலகமே தட்டும், ஜெல்லிஃபினில் ஓட்டை தெரிந்தால் அன்றைக்கே புதுப்பிக்க வேண்டும். கேடியின் முகவரியை ஜெல்லிஃபினில் நம்பகமான பிராக்சியாக (இடைச் சர்வராக) குறிக்க மறந்தால், பதிவேட்டில் எல்லா வருகையும் கேடியிடமிருந்தே வந்ததாகத் தெரியும். தவறான கடவுச்சொல்லுக்குத் தடை போடப் போய்க் குடும்பம் மொத்தத்தையும் தடுத்துவிடுவீர்கள். டோக்கர் திறக்கும் போர்ட்டை லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ தீயரண் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நாலு உறவினருக்காக இத்தனை காவல் எதற்கு?

ஈசூன்வாசி:
டெயில்ஸ்கேல் போட்டேன், அணுகல் விதியும் எழுதிவிட்டேன். வெளியிலிருந்து என் கைத்தொலைபேசியில் ஓடுகிறது. அம்மாவின் தொலைக்காட்சிக்குத்தான் அந்தச் செயலி கிடைக்கவில்லை, சாம்சங்கின் டைசன் இயங்குதளம். அக்காவுக்குப் படம் அடிக்கடி நிற்கிறது. டெயில்ஸ்கேலின் நிலைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘ரிலே’ என்று வருகிறது.

பழையமோடம்:
டைசனுக்கும் எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸுக்கும் டெயில்ஸ்கேல் இல்லை. ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகுங்கள். டெயில்ஸ்கேல், ஜெல்லிஃபின் இரண்டும் அதில் உண்டு. இங்கேயே எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, அடுத்த முறை கடற்பாலம் தாண்டும்போது கையோடு கொண்டுபோங்கள். அம்மாவுக்கு விபிஎன் இருப்பதே தெரியாது. என் கவலையும் தீர்ந்தது.

கம்பிவடம்:
ரிலே என்றால் இரு முனைகளும் நேரடியாகக் கைகோக்க முடியாமல் இடைச் சர்வர் வழியாகப் போகிறது. குறியாக்கம் அப்படியே இருக்கும், வேகம்தான் குறையும். அக்காவின் செயலியில் தரத்தை 3 மெகாபிட்டுக்கு இறக்குங்கள். கேசட் படத்துக்கு அது தாராளம். கணினியில் இன்டெல் சிப் இருந்தால் டோக்கருக்குக் கிராஃபிக்ஸ் அணுகல் கொடுத்து அந்தச் சிப்பின் வீடியோ வசதியான குவிக்சிங்கை இயக்குங்கள், தரத்தை இறக்க வீடியோவை உருமாற்றும் சுமை பிராசஸரை அழுத்தாது.

இன்னொன்று: ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கொடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம். வீடியோக் கோப்புறையை டோக்கரில் வாசிக்க மட்டும் இணையுங்கள்.

ஈசூன்வாசி:
3 மெகாபிட்டில் அக்காவுக்கு நிற்காமல் ஓடுகிறது. அம்மாவுக்குப் பெட்டி வாங்கப் போகிறேன். அதில் அம்மா பெயரில் கணக்குத் திறப்பதா, என் கணக்கிலேயே போடுவதா?

கம்பிவடம்:
அம்மா பெயரில். பெட்டி தொலைந்தால் அந்தப் பகிர்வை மட்டும் ரத்துசெய்தால் போதும்.