கியர்பாக்ஸ் யார் செய்தது?

ஆயில்கறை: பிரீமியம் கார் என்றால் எல்லாமே அந்த நிறுவனம் சொந்தமாகச் செய்தது, அதனால்தான் அந்த விலை என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிப்புத்தான் வந்தது. 2009-இல் பிஎம்டபிள்யூ 760எல்ஐ-யில் வந்த 8 கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இசட்எஃப் என்ற வெளி நிறுவனம் செய்தது. அதே குடும்பத்துப் பெட்டிதான் ஜாகுவாரிலும் ரோல்ஸ் ராய்ஸிலும். காசெல்லாம் முன்னால் ஒட்டிய சின்னத்துக்கு. தரம் இறங்கியதற்கும் இதுதான் காரணம்.

நாலாம்கியர்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ‘எல்லாமே’ என்று நான் எழுதவில்லை, ‘முக்கியமானதெல்லாம்’ என்றேன். 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸுக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் அமைப்பைக் கொடுத்தது பாஷ் என்ற வெளி நிறுவனம். அன்றைக்கே தரம் போய்விட்டதா?

ஆயில்கறை: ஏபிஎஸ்ஸைக் கேட்டேனா? கியர்பாக்ஸ் யார் செய்தது?

பழைய ஸ்பேனர்: வண்டிக்கு அடியில் படுக்கிறவன் சொல்கிறேன். போன வாரம் ஒரு விலையுயர்ந்த வண்டி, பெயர் வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாயின் பிளாஸ்டிக் கழுத்து விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. வார்த்தது வெளியாள்தான். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் போதும் என்று வரைபடத்தில் முடிவு செய்தது யார்? பிஎம்டபிள்யூவின் சொந்த என்47 டீசலையே எடுங்கள். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயினைக் கொண்டுபோய் எஞ்சினின் பின்பக்கம் வைத்தார்கள். மாற்ற வேண்டுமானால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். இதற்கும் வெளியாள்தான் காரணமா?

ஆயில்கறை: 2024-இல் காண்டினென்டல் கொடுத்த பிரேக்கால் பிஎம்டபிள்யூவின் சுமார் 15 லட்சம் வண்டிகள் மாட்டினவே, அது?

நாலாம்கியர்: இப்போது பிரேக்கா? முன்பு இங்கே நடந்த டீசல் சண்டையிலும் இப்படித்தான், தோற்கும்போதெல்லாம் பாகத்தை மாற்றுவீர்கள்.

ஆயில்கறை: தோற்றது யார்? எழுதியதை அழித்துவிட்டு ஓடியது நீங்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

குட்டிபிஸ்டன்: இடையில் ஒரு சந்தேகம். இசட்எஃப்பும் ஜெர்மன் நிறுவனம்தானே? 1915-இல் செப்பலின் வான்கப்பலுக்குப் பல்சக்கரம் செய்ய ஆரம்பித்தவர்கள். அவர்களிடம் வாங்கினால் தரம் எப்படிக் குறையும்?

ஆயில்கறை: தம்பி, எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்கவில்லை. யார் செய்தது என்பதுதான் கேள்வி.

குட்டிபிஸ்டன்: நான் தம்பி இல்லை. பெண்.

ஆயில்கறை: சரி, தங்கச்சி. மெர்சிடிஸ் தன் 9 கியர் பெட்டியைத் தானே செய்கிறது. அதுதான் கம்பெனி.

பழைய ஸ்பேனர்: மெர்சிடிஸா! ஜி கிளாஸ் முழு வண்டியும் 1979-லிருந்து ஆஸ்திரியாவில், கிராஸ் நகரில்தான் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டப்படுகிறது. இன்று பூட்டுவது மாக்னா ஸ்டைர் என்ற வெளி நிறுவனம்.

ஆயில்கறை: பூட்டுவது வேறு, செய்வது வேறு. ஸ்பேனர் பிடித்தவருக்கே இது தெரியாதா? மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், கியர்பாக்ஸ் யார் செய்தது?

குட்டிபிஸ்டன்: தங்கச்சியும் வேண்டாம்.

நாலாம்கியர்: முதலில் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள்.