அமெரிக்காவில் சொத்துரிமைக்காகக் காசு வாங்காமல் வாதாடும் சட்ட அமைப்புகள்: வழக்கை எப்படிக் கொண்டுபோவது?

தேன்சிட்டு (கேள்வி)

பசிஃபிக் லீகல் ஃபவுண்டேஷன், இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் மாதிரியான அமைப்புகள் அரசாங்கத்தை எதிர்த்து நிற்கும் சாதாரண ஆட்களுக்குக் கட்டணம் இல்லாமல் வாதாடுகின்றன என்பது தெரியும். நடைமுறைதான் பிடிபடவில்லை.

உதாரணத்துக்கு, கலிபோர்னியாவில் சொந்த நிலத்தில் சின்ன வீடு கட்ட ஒருவர் பெர்மிட் கேட்கிறார். சாலை நெரிசலுக்கான கட்டணம் என்று கவுண்டி (மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி) ஐந்திலக்கத்தில் டாலர் கேட்கிறது. கட்டினால்தான் பெர்மிட். இவர் அந்த அமைப்புகளிடம் போனால் எடுப்பார்களா? எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? அவர்கள் பதில் சொல்லும்வரை பணத்தைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா, கட்டிவிட்டால் உரிமை போய்விடுமா? தோற்றால் செலவு யார் தலையில் விழும்?

அரசியல் சண்டை வேண்டாம். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு

இலவசச் சட்ட உதவி மையம் வேறு, இவை வேறு. உதவி மையம் உங்கள் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கும். இவர்கள் உங்கள் பிரச்சினையை வைத்துச் சட்டத்தையே நகர்த்தப் பார்ப்பார்கள். உங்கள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பசிஃபிக் லீகல் 1973-இல் சாக்ரமெண்டோவில் தொடங்கியது. ரீகன் ஆளுநராக இருந்தபோது அவரிடம் வேலை பார்த்தவர்கள் ஆரம்பித்தது. இதே மாதிரி அமைப்புகள் அட்லாண்டாவில் சவுத்ஈஸ்டர்ன் லீகல் ஃபவுண்டேஷன் 1976, டென்வரில் மவுண்டன் ஸ்டேட்ஸ் லீகல் ஃபவுண்டேஷன் 1977. இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் 1991. சொத்துரிமையோடு தொழில் செய்யும் உரிமை, பேச்சுரிமை, பிள்ளைகளுக்கான பள்ளியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிய வழக்குகளையும் எடுப்பார்கள். 2017-இல் வந்த நியூ சிவில் லிபர்ட்டீஸ் அலையன்ஸ் அரசுத் துறைகள் தாங்களாகவே சட்டம் இயற்றுவதை எதிர்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கிறது. நில வழக்கை அவர்களிடம் கொண்டுபோய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எதைப் பார்க்கிறார்கள்? ஒரே ஒரு சட்டக் கேள்வி சுத்தமாகத் தெரிய வேண்டும். வேலி எங்கே இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று சாட்சிகள் மோதிக்கொள்ளும் வழக்கை எடுக்கத் தயங்குவார்கள். மேல்முறையீட்டில் நீதிபதிகள் சட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சில்லறைத் தகராறில் ஒதுங்கிக்கொள்ள அது வழிவிடும் என்பதுதான் காரணம். அடுத்து, கெடு தாண்டியிருக்கக் கூடாது. மூன்றாவது, கட்சிக்காரர் நின்று தாங்குவாரா? ஐடஹோவில் பிரீஸ்ட் ஏரி அருகே ஒரு ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு மனையில் வீடு கட்டப்போன சாக்கெட் தம்பதிக்குச் சுற்றுச்சூழல் துறையின் உத்தரவு 2007-இல் வந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு தடவை போய், கடைசித் தீர்ப்பு 2023-இல். பதினாறு வருஷம்.

நடுவில் எதிர்த்தரப்பு "பணத்தைத் திருப்பித் தருகிறோம், வழக்கை விடுங்கள்" என்று வரும். சமரசம் செய்துகொள்வதா என்று முடிவெடுக்கும் உரிமை கட்சிக்காரருக்கே உண்டு, வக்கீலுக்கு இல்லை. அதனால்தான் ஒப்பந்தம் போடும் முன்பே உங்கள் நோக்கம் என்ன என்று துருவித் துருவிக் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். பணம் வந்தால் போதும் என்பது தப்பான ஆசை ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கு இவர்கள் சரியான இடம் இல்லை.

செலவு: இவை நன்கொடையில் ஓடும், வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அமைப்புகள். வருமான வரித் துறையின் 92-59 வழிகாட்டுதல்படி இப்படிப்பட்ட அமைப்பு நீதிமன்றம் வழங்கும் வக்கீல் கட்டணத்தை வாங்கலாம், ஆனால் ஐந்து வருஷச் சராசரியில் அது சட்டப் பணிச் செலவில் பாதியைத் தாண்டக் கூடாது. தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணம் உங்கள் மேல் விழுவது அரிது. சிவில் உரிமை வழக்கில் வழக்கு அடிப்படையே அற்றது என்றால்தான் அப்படி உத்தரவு வரும். நீதிமன்றச் செலவு (படியெடுப்பு, சுருக்கெழுத்து மாதிரி) மட்டும் தோற்றவர் மேல் விழலாம். அதை அமைப்பு ஏற்குமா என்று ஒப்பந்தக் கடிதத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். தனியார் மேம்பாட்டுக்காக நகரம் தன் வீட்டைக் கையகப்படுத்தியதை எதிர்த்துக் கீலோ என்ற பெண் போட்ட வழக்கில், 2005-இல் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் 5-4 என்று தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைத் திருத்தின. அமைப்பின் கணக்கில் அது பெரிய பலன். கீலோவுக்கு அந்த மனை திரும்பக் கிடைக்கவில்லை.

எல்லைக்கல்

தேன்சிட்டு கேட்ட கட்டண விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் கெடு மிகக் குறைவு.

சட்டம் வளர்ந்த வழி இது. நோலன் வழக்கில் (1987, பசிஃபிக் லீகல்) கடற்கரை வீட்டைக் கட்ட அனுமதி வேண்டுமானால் பொதுமக்கள் நடக்க நிலம் விடு என்றார்கள். நிபந்தனைக்கும் அந்தக் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்றது நீதிமன்றம். டோலன் (1994): தொடர்பு இருந்தாலும் அளவும் ஏறக்குறையப் பொருந்த வேண்டும். கூன்ட்ஸ் (2013): நிலத்துக்குப் பதில் பணம் கேட்டாலும் இதே அளவுகோல். ஷீட்ஸ் எதிர் எல் டோராடோ கவுண்டி (2024): அதிகாரி தனியாகப் போட்ட நிபந்தனை, சபை சட்டமாகவே இயற்றிய கட்டணம் என்ற பேதம் கிடையாது. அங்கே கேட்கப்பட்ட தொகை 23,420 டாலர், தீர்ப்பு ஒன்பதுக்கு ஒன்பது. ஆனால் எல்லோருக்கும் பொதுவாகப் போடும் அட்டவணைக் கட்டணம் ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகப் பொருந்த வேண்டுமா என்பதை நீதிமன்றம் தொடாமல் விட்டது. எனவே "ஷீட்ஸ் ஜெயித்தார், நானும் ஜெயிப்பேன்" என்று நினைப்பது அவசரம். அந்தத் திறந்த கேள்விக்காகத்தான் அமைப்புகளுக்கு இந்த வகை வழக்கில் இன்னும் ஆர்வம் இருக்கிறது.

இப்போது நடைமுறை. கலிபோர்னியா அரசு விதித்தொகுப்பு 66020-ஆம் பிரிவுப்படி பணத்தை முழுசாகக் கட்டுங்கள், அல்லது கட்ட வேண்டிய நாளில் கட்ட ஏற்பாடு இருப்பதற்கு ஆதாரம் காட்டுங்கள். கூடவே ஆட்சேபக் கடிதம் கொடுங்கள். கட்டினால் உரிமை போகாது. கடிதம் இல்லாமல் கட்டினால்தான் போகும். பெர்மிட்டும் கிடைத்துவிடும், வேலையும் நிற்காது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பணம் ஆட்சேபத்துடன் கட்டப்படுகிறது என்ற வாசகம், எந்த உண்மைகளின்மேல் தகராறு, எந்தச் சட்டக் காரணத்தால். காசோலையின் ஓரத்தில் "ஆட்சேபத்துடன்" என்று கிறுக்கிவிட்டு அதோடு விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. உண்மையும் சட்டக் காரணமும் அதில் இல்லையே. அடுத்த தப்பு, கடிதத்தைக் கட்டடத் துறைக் கவுன்டரில் நீட்டுவது. போக வேண்டியது ஆளும் சபைக்கு, அதாவது கவுண்டியானால் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸுக்கு. சபையின் கிளார்க் அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்குங்கள்.

கெடு: கட்டணம் விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் கடிதம். வழக்குக்கு 180 நாள், ஆனால் அது உங்கள் கடிதத்திலிருந்து அல்ல, கவுண்டி தரும் எழுத்து அறிவிப்பு வந்து சேர்ந்ததிலிருந்து ஓடும். கட்டணம் விதிக்கும்போதே தொகையையும் 90 நாள் ஓடத் தொடங்கியதையும் கவுண்டி அந்த அறிவிப்பில் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்பதை வாதமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அந்த இடைவெளியில் ஆவணம் சேருங்கள். பொது ஆவணச் சட்டப்படி விண்ணப்பித்தால், தருவார்களா மாட்டார்களா என்று 10 நாளில் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது கட்டணத்துக்கு அடிப்படையான ஆய்வறிக்கை, அந்தக் கட்டணக் கணக்கின் ஆண்டறிக்கைகள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய முடிவுரைகள் (செலவழிக்காத பணம் இன்னும் எதற்குத் தேவை என்று சபை பதிவு செய்வது). செலவழிக்காத தொகைக்கு அந்த ஐந்தாண்டு முடிவுரையைச் செய்யாமல் விட்டிருந்தால் பணத்தைத் திருப்பித் தரச் சட்டமே சொல்கிறது. ஆய்வறிக்கையில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு எத்தனை வண்டிப் பயணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஏற்கெனவே இருந்த நெரிசலைச் சரிசெய்யும் செலவையும் புது வீட்டின் மேல் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பொதுவாக ஓட்டை அங்கேதான் இருக்கும். "அநியாயக் கட்டணம்" என்று பத்து பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு எண் கனமானது.

நிக் வழக்குக்குப் பிறகு (2019, இதுவும் பசிஃபிக் லீகல்) இழப்பீட்டுக்கு முதலில் மாநில நீதிமன்றம் போக வேண்டிய கட்டாயம் இல்லை. நேரே ஃபெடரல் நீதிமன்றம் போகலாம். ஆனால் அரசின் முடிவு இறுதியாகியிருக்க வேண்டும். ஃபெடரல் வழக்குக்கு அங்கே இரண்டு வருஷம் இருக்கிறது என்பதை நம்பி மாநில 90 நாளை விட்டவர்கள் ஒரு பக்கக் கதவைத் தாங்களே சாத்திக்கொள்கிறார்கள்.

தேன்சிட்டு

ரொம்ப நன்றி எல்லைக்கல். கிளார்க் அலுவலகம் பற்றிய தகவல் வேறெங்கும் கண்ணில் படவில்லை. இதோடு சேர்ந்த ஒரு கேள்வி: வரி பாக்கிக்காக வீடு ஏலம் போனால் மிச்சப் பணம், போலீஸ் பறித்துக்கொண்ட ரொக்கம், இவற்றுக்கும் இதே மாதிரிக் கெடுக்கள் உண்டா?

பனையோலை

உண்டு, இன்னும் கொடுமையாக.

வரி ஏலத்தில் அடிப்படைத் தீர்ப்பு டைலர் எதிர் ஹென்னபின் கவுண்டி (2023). மினியாபொலிஸில் 94 வயது மூதாட்டியின் வீட்டுக்கு வரி, அபராதம், வட்டி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15,000 டாலர் பாக்கி. 40,000-க்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் கவுண்டியே வைத்துக்கொண்டது. அது இழப்பீடில்லாப் பறிப்பு என்று ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். அதற்கு முன்பே மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ரஃபேலி வழக்கில் (2020) அதையே சொல்லியிருந்தது. அங்கே விட்டுப்போன வரி 8.41 டாலர், வீடு போனது 24,500-க்கு.

தீர்ப்பு வந்துவிட்டது என்பதால் பணம் தானாக வீடு தேடி வராது. மிச்சிகனில் 5743 என்ற படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, பறிமுதல் முடிந்த வருஷத்தின் ஜூலை 1-க்குள் நேரிலோ, ஒப்புகை அட்டையோடு சான்றிட்ட தபாலிலோ சேர்க்க வேண்டும். கவனியுங்கள், பெரும்பாலும் அப்போது ஏலமே நடந்திருக்காது. மிச்சம் வருமா என்றே தெரியாத பணத்துக்கு முன்கூட்டியே உரிமை கோர வேண்டும். பிறகு அடுத்த வருஷம் பிப்ரவரி 1 முதல் மே 15-க்குள் வட்டார நீதிமன்றத்தில் மனு. முதல் படிவத்தைத் தவறவிட்டவர்தான் அதிகம், சாதாரணத் தபாலில் போட்டுத் தோற்றவரும் உண்டு.

ரொக்கப் பறிமுதல், ஃபெடரல் துறைகள் செய்தால்: பறித்த 60 நாளுக்குள் அறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் இரண்டு வழி காட்டும். ஒன்று "கிளெய்ம்", மற்றது "பெட்டிஷன்". பெட்டிஷன் என்பது பறித்த துறையிடமே கருணை கேட்பது, நீதிபதி பார்க்க மாட்டார். படிவம் இதமாக இருக்கும், ஜனங்கள் அதில் விழுகிறார்கள். நீதிமன்றம் வேண்டுமென்றால் கிளெய்ம்தான். எந்தப் பொருள், அதில் உங்கள் உரிமை என்ன என்று எழுதி, பொய்யானால் தண்டனைக்கு உட்பட்டு என்று உறுதிமொழி இட வேண்டும். வைப்புத்தொகை தேவையில்லை. கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் அவகாசம் தருவார்கள். கெடுநாளில் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி எடுபடாது. கிளெய்ம் கிடைத்தபின் அரசு 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் பொதுவாகத் திருப்பித் தர வேண்டும். சுங்கத் துறைச் சட்டப்படி பறித்தால் இந்த விதிகள் பொருந்தாது, அதைத் தனியாகப் பாருங்கள்.

மாநில போலீஸ் பறித்தால் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. நியூ மெக்சிகோ 2015-இல் குற்றவாளி என்ற தீர்ப்பு இல்லாமல் பறிமுதல் செய்வதையே ஒழித்துவிட்டது. மற்ற இடங்களில், டிம்ப்ஸ் எதிர் இந்தியானா (2019) தீர்ப்பால் அளவு மீறிய அபராதத்துக்கு எதிரான தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்துகிறது. அங்கே பறித்தது ஏறக்குறைய 42,000 டாலர் வண்டி, அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000.

வழக்குக்கட்டு

பனையோலை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வழக்கு நன்றாகப் போகும்போது அரசு பின்வாங்கிவிடும்: சட்டத்தை ரத்து செய்யும், பணத்தைத் திருப்பித் தரும். பிறகு "இனி தகராறே இல்லை" என்று நீதிமன்றத்தில் சொல்லும். லாக்கி எதிர் ஸ்டின்னி (2025) தீர்ப்புப்படி, இடைக்காலத் தடை மட்டும் பெற்று இப்படி வழக்கு முடிந்தால் வக்கீல் கட்டணம் கிடையாது. அதனால் புகாரில் (வழக்கைத் தொடங்கும் மனுவில்) நடந்துபோன பாதிப்புக்கு ஒரு டாலராவது பெயரளவு இழப்பீடு கேட்டு வையுங்கள். 2021-இல் உசுவெக்புனாம் வழக்கில் அது வழக்கை உயிரோடு வைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர் வக்கீல் முதல் புகாரை எழுதினால் இதை அவரிடம் ஞாபகப்படுத்துங்கள். பின்னால் வரும் அமைப்பு முதலில் புரட்டிப் பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

விண்ணப்பம் அனுப்பும்போது ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே கெடு தேதி. அதன்கீழ் எந்தச் சட்டப் பிரிவு, எவ்வளவு தொகை, எந்த நாளில் என்ன உத்தரவு வந்தது என்ற வரிசை. ஆவணங்களை இணையுங்கள், உணர்ச்சியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் வருவதில் சிலதைத்தான் எடுக்க முடியும் என்பதால் மறுப்பு வரலாம், பதிலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை யாரும் உங்கள் வக்கீல் இல்லை, கெடுவை யாரும் உங்களுக்காகக் காக்க மாட்டார்கள். அந்த 90 நாள் கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.