ஆற்றில் நிற்கும் பீரங்கிப் படகு எதிரிப் படை கடப்பதைத் தடுக்குமா?

தேக்கா வாசி:
நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறுதோறும் சமூக மன்றத்தில் கூடும் எங்கள் குழு, அமெரிக்க உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்ட ஒரு பலகை விளையாட்டை ஆடி வருகிறது. ஒரு சுற்று ஒரு மாதத்தைக் குறிக்கும். ஆற்றுக் கட்டத்தில் கப்பற்படைக் காய் ஒன்று நின்றால் அந்த ஆறு அந்தத் தரப்புக்கே உரியது என்று விதிநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இதனால் வடதரப்பை ஆடுபவர், கரையில் ஒரு கோட்டையைக்கூடப் பிடிக்காமல், மிசிசிப்பியில் சில காய்களை வரிசையாக நிறுத்தியே தென்தரப்பை இரண்டாகத் துண்டித்துவிடுகிறார். இது வரலாற்றுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் நாங்களே எந்த விதியைச் சேர்த்துக்கொள்ளலாம்?

பழைய மாலுமி:
அந்த விதியில் பாதிதான் சரி. 1862 பிப்ரவரி 6 அன்று டென்னசி ஆற்றங்கரையிலிருந்த தென்தரப்பின் ஹென்றி கோட்டை, வடதரப்புத் தளபதி கிராண்ட்டின் காலாட்படை வந்து சேரும் முன்பே பீரங்கிப் படகுகளிடம் சரணடைந்தது. அதன் பீரங்கிகள் ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருந்ததும், ஆற்று வெள்ளம் கோட்டைக்குள் புகுந்திருந்ததும் அதற்குக் காரணம். அடுத்த சில நாட்களில் மூன்று மரக்கவசப் படகுகள் அலபாமாவின் புளோரன்ஸ் வரை தடையின்றிச் சென்று வந்தன. ஆனால் ஹென்றி கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கம்பர்லாந்து ஆற்றின் மேட்டுக் கரையில் இருந்த டோனல்சன் கோட்டையை 14ஆம் தேதி அதே படகுத் தொகுதி தாக்கியபோது, உயரத்திலிருந்து விழுந்த குண்டுகளால் சிதைந்து பின்வாங்கியது. படகுத் தொகுதியின் தளபதி ஃபுட்டும் காயமடைந்தார். இரண்டு நாள் கழித்து அக்கோட்டையைப் பெற்றுத் தந்தது தரைப்படைதான். ஆகவே கரையின் உயரத்தைக் கணக்கில் கொள்ளாத எந்த ஆற்று விதியும் எனக்கு ஏற்புடையதன்று.

மிசிசிப்பிக் கரையில் தென்தரப்பு வைத்திருந்த விக்ஸ்பர்க் நகரையும் பாருங்கள். 1863 ஏப்ரல் 16 இரவில் வடதரப்புக் கப்பற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் அந்நகரப் பீரங்கிகளைக் கடந்து தெற்கே சென்றன. இழந்தது ஒரே ஒரு போக்குவரத்துப் படகை. ஆனால் நீரோட்டத்தை எதிர்த்து, அதே பீரங்கிகளின் எதிரே மெதுவாக ஊர்ந்து திரும்பி வருவது நடவாத காரியம் என்று போர்ட்டரே கிராண்ட்டிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தார். எனவே கோட்டையைத் தாண்டிச் செல்ல பகடை உருட்டும் உரிமையைக் கொடுங்கள். ஆனால் கோட்டை விழும்வரை அந்தக் காய்க்கு மேலாற்றிலிருந்து வழங்கல் கிடைக்கக் கூடாது. உங்கள் வடதரப்பு நண்பர் அதன்பிறகு தரைப்படையையும் நகர்த்தத் தொடங்குவார்.

ஜூரோங் வரைபடக்காரர்:
பழைய மாலுமி அண்ணா கோட்டைகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். கேள்வி ஆற்றைக் கடப்பதைப் பற்றியும் இருப்பதால் அதைச் சொல்கிறேன். 1863 ஜூலையில் விக்ஸ்பர்க்கும், அதற்குத் தெற்கே அதே ஆற்றங்கரையிலிருந்த ஹட்சன் துறைமுகமும் வீழ்ந்தபின் தென்தரப்பு மெய்யாகவே இரண்டாகப் பிளந்தது. 1864 ஆகஸ்டில் தென்தரப்பினர் மிசிசிப்பியின் மேற்கிலிருந்த தம் காலாட்படையைக் கிழக்கே கொண்டுவரத் திட்டமிட்டு, ரோந்துப் படகுகளை மீறி அவ்வளவு பெரிய படையைக் கடத்த இயலாது என்று அதைக் கைவிட்டார்கள். அதே காலத்தில் தென்தரப்புத் தளபதி டெய்லர் மட்டும் இரவில் ஒரு சிறு ஓடத்தில் ஏறிக் கடந்து போனார். தலைவர் காயும் குதிரைப்படைச் சிறுபிரிவும் பகடையில் தப்பிக் கடக்கலாம், பெரும்படைக் காய் கடக்கவே முடியாது என்று பிரித்துவிட்டால் வரலாறு அப்படியே பலகையில் வந்துவிடும்.

நீரின் ஆழத்தையும் மறக்க வேண்டாம். சிவப்பு ஆற்றில் 1864இல் நீர்மட்டம் இறங்கி, போர்ட்டரின் கப்பல்கள் லூசியானாவின் அலெக்சாண்ட்ரியா நகருக்கு மேலாற்றில் சிக்கிக்கொண்டன. பெய்லி என்ற பொறியாளர் தற்காலிக அணை கட்டி நீரை உயர்த்தித்தான் அவற்றை மீட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் நாஷ்வில்லில் தோற்ற தென்தரப்புத் தளபதி ஹூட்டின் படை, மசில் ஷோல்ஸ் என்ற ஆழமற்ற பகுதியை ஒட்டி மிதவைப் பாலம் அமைத்து டென்னசி ஆற்றைக் கடந்தபோது, பீரங்கிப் படகுகளால் அங்கே எட்ட முடியவில்லை. நம் சிங்கப்பூர் ஆற்றிலேயே கெவெனா பாலத்தடியில், கடல்நீர் ஏறிய நேரத்தில் நுழைய முடியாமல் தொங்கான் எனும் சரக்குப் படகுகள் காத்துக்கிடந்த கதை உண்டல்லவா. மரினா அணைக்கட்டு வந்தபின் வளர்ந்தவர்களுக்கு ஆற்றுமட்டம் மாறும் என்பதே நினைவில் நிற்பதில்லை. கோடைச் சுற்றுகளில் மேலாற்றுக் கட்டங்களைக் கப்பல்களுக்கு மூடிவிடுங்கள்.

தேக்கா வாசி:
இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. கோட்டையே இல்லாத கரைக்குத் தென்தரப்பின் குதிரைப்படை வந்து நின்றால், அது கப்பற்காயைத் தாக்கலாமா? எங்கள் விதிநூல் தரைக்காய்க்கு அந்த உரிமையையே கொடுக்கவில்லை.

பழைய மாலுமி:
கட்டாயம் கொடுக்க வேண்டும், பீரங்கி உடன் இருந்தால் மட்டும். 1864 அக்டோபர் இறுதியில் தென்தரப்புத் தளபதி ஃபாரஸ்ட்டின் குதிரைப்படையினர் டென்னசி ஆற்றங்கரையில் பீரங்கிகளை மறைத்து வைத்து, அன்டைன் என்ற வடதரப்புப் பீரங்கிப் படகையே கைப்பற்றினார்கள். நவம்பர் 4 அன்று அதே ஆற்றில் வடதரப்பின் வழங்கல் தளமான ஜான்சன்வில்லின் எதிர்க்கரையிலிருந்து அவர்கள் சுட்டபோது, அங்கிருந்த மூன்று பீரங்கிப் படகுகளுக்கு அவற்றின் மாலுமிகளே தீ வைத்தார்கள். கரையிலிருந்த வழங்கல் கிடங்குகளும் எரிந்தன. ஆனாலும் ஃபாரஸ்ட் அங்கே தங்கவில்லை. ஆறு வடதரப்பிடமே இருந்தது. எனவே தாக்கும் குதிரைப்படைக் காய் அடுத்த சுற்றில் கரையைவிட்டு விலகியே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.