மறு: 'இண்டகிரேஷன்': ஒருங்கிணைப்பா, விருந்தா, ஒட்டா?

அனைவருக்கும் வணக்கம். அக்கா தமிழாக்கும் மென்பொருள் குறிப்பில், ஒரு நிகழ்வு மடக்கை ('இவென்ட் லூப்') இன்னொன்றோடு சேர்ப்பதை 'இண்டகிரேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இந்தத் திரி. நிகழ்வு மடக்கு என்பது ஏதாவது நடக்கும்வரை காத்திருந்து (அதைத்தான் தூக்கம் என்கிறேன்), நடந்ததும் உரிய வேலையைச் செய்துவிட்டு மறுபடி காத்திருக்கப் போகும் நிரல் பகுதி.

> "நிகழ்வு மடக்கில் தனிப்பயன் ஒருங்கிணைப்புகளுக்கான ஆதரவு" என்று எழுதிவிட்டேன். எழுதிய எனக்கே புரியவில்லை. வேறு நல்ல சொல் யாராவது கொடுங்கள்.

அக்கா, வரியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'ஒருங்கிணைப்பு' என்றதும் மாவட்ட ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் என்றுதான் மனம் போகிறது. எல்லாரும் சரிசமமாக உட்கார்ந்து பேசும் இடம் அது. நிகழ்வு மடக்குகளுக்குள் அப்படிச் சமத்துவம் கிடையாது. ஒரே இழையில் ('த்ரெட்', நிரல் வரிசையாக ஓடும் ஒரு தடம்) இரண்டு மடக்குகள் வந்து சேர்ந்தால் ஒன்றுதான் தூங்க முடியும். மற்றது அதன் தயவில் பிழைக்க வேண்டும். சொல்லில் இந்த ஏற்றத்தாழ்வு தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

> மடக்கு வேண்டாம், சுழல் என்று வைப்போம். மடக்கு என்றால் குடை மடக்குவது மாதிரி இருக்கிறது.

ஐயா, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 'மடக்கு' என்றே படித்து வருகிறார்கள், அதை இனி மாற்ற வேண்டாமே. தவிர, மடக்கணியை நினைத்துப் பாருங்கள். அதே சொல் திரும்ப வரும், வரும்போதெல்லாம் வேறு பொருள் தரும். நிகழ்வு மடக்கும் அப்படித்தான். நிரலின் அதே நான்கு வரிகள் திரும்பத் திரும்ப ஓடும், ஒவ்வொரு முறையும் வாசலில் நிற்பது வேறு ஆள். இதைவிடப் பொருத்தமான சொல் தேடினாலும் கிடைக்காது.

இனி என் கதை. தெரிந்தவர் ஒருவரின் ஸ்கேன் சென்டருக்கு டோக்கன் எண் காட்டும் திரை ஒன்று எழுதிக் கொடுத்தேன். திரையில் சன்னல் வரைய ஜிடிகே என்ற நூலகம், எண்கள் வருவது ரெடிஸ் என்ற தரவுத்தளம் வழியாக. ரெடிஸுடன் பேச நானே ஒரு சின்ன நிகழ்வு மடக்கு எழுதி வைத்திருந்தேன். ஜிடிகேவுக்கோ அதன் சொந்த மடக்கு உண்டு. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல், 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை ஜிடிகே என் மடக்கை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரட்டும் என்று வைத்தேன். வேலை செய்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 100 முறை, எட்டு மணி நேரத்துக்கு 28 லட்சத்து 80 ஆயிரம் முறை எழுந்து "யாராவது வந்தார்களா?" என்று கேட்கிறது. ஒரு நாளில் வந்த டோக்கன் நூற்றைம்பதைத் தாண்டாது. அந்தப் பழைய கணினியின் மின்விசிறி நாள் முழுக்க இரைந்தது.

சரி என்று உட்கார்ந்து மடக்கைப் பிரித்தேன். அதுவரை என் நிரலில் காத்திருப்பதும் வேலையைப் பங்கிடுவதும் ஒரே செயற்கூற்றில் ('ஃபங்ஷன்') பின்னிக் கிடந்தன. காத்திருக்கும் பகுதியை வெட்டி எடுத்தேன். மீதி இருந்த மடக்குக்கு வெளியாளிடம் பேச மூன்றே பேச்சு: "எனக்காக இந்தச் சாக்கெட்டை (தகவல் வரும் இணைப்பை) பார்த்துக்கொள்", "இனிப் பார்க்க வேண்டாம்", "ஏதோ வந்திருக்கிறதா, கொடு, நான் பார்க்கிறேன்". தூங்குவது முழுக்க ஜிடிகேவின் பொறுப்பு. விசிறி அடங்கியது.

அப்புறம்தான் வேடிக்கை. புது எண் வந்தால் பத்து விநாடி சிவந்து அடங்க வேண்டும். அடங்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண், "சுட்டியை அசைத்தால் சிவப்பு போய்விடுகிறது சார்" என்றார். இரண்டு நாளாக அவர் ஒவ்வொரு டோக்கனுக்கும் சுட்டியைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! காரணம் இதுதான்: என் மடக்கின் அடுத்த கெடு எப்போது என்று நான் ஜிடிகேவிடம் சொல்லவே இல்லை. அது தன் பாட்டுக்குத் தூங்கியது. சுட்டி அசைந்தால் விழித்தது, விழித்த பிறகுதான் என் மடக்குக்கு மூச்சு வந்தது. ஆக மூன்று பேச்சு போதாது, "இத்தனை மணிக்கு எழுப்பு" என்ற நான்காவதும் வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். ரெடிஸுடன் பேச உதவும் ஹைரெடிஸ் நூலகத்தின் நிரலைத் திறந்தால் இதே அமைப்பு இருக்கிறது. படிக்கப் பார், படிக்கப் பார்ப்பதை நிறுத்து, எழுதப் பார், அதை நிறுத்து, துடைத்துவிட்டுக் கிளம்பு என்று வெளி மடக்கிடம் கேட்க ஐந்து கொக்கிகள் ('ஹூக்'). கெடுவுக்கான ஆறாவது கொக்கி பின்னால்தான் வந்து சேர்ந்தது. லிப்யூவி, லிப்ஈவி, ஜிலிப், கியூட்டி என்று பிறர் எழுதிய ஒவ்வொரு மடக்குக்கும் அந்தக் கொக்கிகளை மாட்ட ஆளுக்கொரு சின்னக் கோப்பு. இந்த வழியில் நூலகம் தானாகத் தூங்குவதே இல்லை.

('டைம்அவுட்' என்பதற்கு 'நேரமுடிவு' என்று எழுதுகிறோம். கந்துவட்டிக்காரர் முதல் கல்லூரி அலுவலகம் வரை எல்லாரும் 'கெடு' என்கிறார்கள். நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?)

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்த உறவுக்குத் தோட்டத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: ஒட்டு. மாங்கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, வேறு மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். வேர் ஒன்றுதான். தண்ணீர் குடிப்பது வேர்ச்செடி. காய்ப்பது குச்சியின் ரகம். என் டோக்கன் திரையில் தூங்கி விழிப்பது ஜிடிகே, எண்ணைக் கொண்டுவருவது என் மடக்கு.

ஆக, வெளி மடக்கை 'வேர்மடக்கு' என்றும், அதன்மேல் ஏறுவதை 'ஒட்டுமடக்கு' என்றும், இரண்டும் சேரும் இடத்தை 'ஒட்டுவாய்' என்றும் சொல்லிப் பார்க்கிறேன். பொருத்துவாய், மடைவாய் போல. வினை 'ஒட்டுக்கட்டு'.

> 'விருந்து மடக்கு' எப்படி? பைத்தான் மொழிக்கான டிரையோ நூலகத்தில் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயர் அழகுதான் தம்பி. ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள். இந்த மடக்கோ நிரல் சாகும்வரை கூடவே கிடக்கும். இன்னொன்று, டிரையோவின் விருந்தாளி காத்திருக்கும் வேலையை மட்டும் தனி இழை ஒன்றில் வைத்துக்கொள்கிறார், மீதி எல்லாவற்றையும் வீட்டுக்காரரின் மடக்கில் ஓட்டுகிறார். இணையப்பக்கம் எழுதுவது போலவே கணினிச் செயலி எழுத உதவும் எலக்ட்ரானிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. அதனுள் இருக்கும் உலாவியான குரோமியத்தின் மடக்குதான் பிரதானம், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோடின் பக்கம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தனி இழை ஒன்று பார்த்துக்கொண்டிருந்து தகவல் சொல்லும். தனக்கென்று கொஞ்சம் வேர் விட்டுக்கொண்டே தாய்மரத்தோடும் சேர்ந்திருப்பது பதியம். இவற்றுக்கு 'பதியமடக்கு' என்று வைக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது, ஆனால் ஒரே மடலில் ஒரு தோட்டமே போட்டுவிட்டான் என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

பைத்தானுக்கான யூவிலூப் என்ற மடக்கு இதில் எதில் சேரும் என்று கேட்பீர்கள். எதிலும் சேராது. 2014-இல் பைத்தான் 3.4-உடன் வந்த அசிங்க்ஐஓ என்ற நூலகம், தன் நிகழ்வு மடக்கையே கழற்றி வேறு ஒன்று மாட்ட வழி வைத்தது. யூவிலூப் அந்த வழியில் வந்து, லிப்யூவியின் மேல் கட்டிய முழு மடக்காக உட்கார்கிறது. அது வேர்ச்செடியையே பிடுங்கி வேறு நடுவது. அதற்கு 'மாற்றுமடக்கு' என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். ஆங்கில ஆவணங்களில் ஒட்டுவது, மாற்றுவது இரண்டுக்கும் 'இண்டகிரேஷன்' என்றே போட்டிருப்பார்கள். மொழிபெயர்க்கும்போது எது என்று பார்த்துப் பிரித்தே ஆக வேண்டும்.

என் யோசனையின் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஐயா சொல்லுவார். 'வெட்டு, நகல், ஒட்டு' என்று பட்டியிலேயே ('மெனு') ஒட்டு இருக்கிறது. முன்னொட்டு, பின்னொட்டு வேறு. கிழிந்த வேட்டிக்குப் போடுவதும் ஒட்டு, அதனால் 'பேட்ச்' என்பதற்கும் சிலர் இதையே எழுதுகிறார்கள். தனியாக 'ஒட்டு' என்று நிறுத்தினால் குழப்பம்தான். அதனால்தான் 'ஒட்டுக்கட்டு' என்று கட்டையும் சேர்த்தேன். 'உரையை ஒட்டுக்கட்டு' என்று யாரும் பட்டியில் எழுதப் போவதில்லை.

நிரல் செய்யும் வேலை மாறாமல் அதன் உள்ளமைப்பை மட்டும் திருத்தும் 'ரீஃபாக்டரிங்'குக்கு மறுசீரமைப்பு என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். கடன் மறுசீரமைப்பு ஞாபகம் வருகிறது, ஆனால் பழகிவிட்டது.

அக்காவின் வரி இப்படி வரும்:

"பிற மடக்குகளில் ஒட்டுக்கட்ட வசதியாக நிகழ்வு மடக்கு மறுசீரமைக்கப்பட்டுள்ளது. உங்கள் வேர்மடக்குக்கு ஏற்ற ஒட்டுவாயை நீங்களே எழுதிக்கொள்ளலாம்."

இதற்கு முந்தைய பதிப்பைப் பற்றி ஒரு வரி இருக்கிறது இல்லையா, காத்திருப்பு உள்ளேயே புதைந்திருந்ததால் வேறு மடக்கோடு சேர்க்கவே முடியாது என்று? அதற்கு 'தென்னைமடக்கு' என்று போட ஆசை, தென்னைக்கு ஒட்டு கிடையாதே. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். தோட்டக்கலைத் துறையில் இருக்கும் நம் அண்ணன் வேர்ச்செடி, ஒட்டுக்குச்சி என்பவை அவர்கள் பக்கம் வழங்கும் சொற்கள்தானா என்று பார்த்துச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.